உறைக்கு ஓர் உறை



ஜாவாத் தீவில் கெரிஸ் என்றொரு குறுவாள் உண்டு. மங்கல நாட்களில் ஆடவர் அதனை முதுகுப்புறம் இடைக்கச்சையில் செருகிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். அந்த வாளைப்பற்றி உலகினர் நிறையப் பேசியுள்ளனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, வாள் செருகப்படும் மர உறையின் தண்டின்மேல் சட்டைபோல் மாட்டப்படும் உலோகக் கூடு. ‘பெண்டோக்’ என்பது அதன் பெயர்.

கெரிஸ் ஒருவர் கையால் முடிவதன்று. அலகை அடிப்பவர் ‘எம்பு’ எனப்படும் கொல்லர். மர உறையைச் செதுக்குபவர் வேறொருவர். பெண்டோக் தட்டார் கைவேலை. பித்தளை, செம்பு, வெள்ளி எனக் கொள்வோர் வசதிக்கேற்பத் தகடு அமையும். செல்வர்கள் பொன்னிலும், பொன்னும் செம்பும் கலந்த ‘சுவாசா’விலும் செய்துகொண்டனர்.

வேலை நடக்கும் முறையைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். தகட்டைத் தண்டின் அளவுக்குக் குழலாக வளைத்து, விளிம்புகளைப் பற்றவைக்கின்றனர். குங்கிலியம், செங்கல் தூள், தேங்காயெண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிய குழம்பை அதனுள் நிரப்பி ஆறவிடுகின்றனர். அது உளி அடிக்கும் இடத்தில் இணங்கிக் கொடுக்கும். மற்ற இடத்தில் தகடு நெளியாமல் தாங்கும். பிறகு சிறு சிறு எஃகு உளிகளால் கொடியும் இலையும், மலையும் விலங்குமாகத் தட்டி எழுப்புகின்றனர். முடிந்ததும் அனலில் காட்டினால் குழம்பு உருகி வெளியேறிவிடும். நம் கோயில்களுக்குக் கவசம் அடிப்போரின் வேலையைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

முழுதும் மூடிய கூடு ஒரு வகை. முன்புறம் நெடுக வெட்டிவிட்டு, உள்ளிருக்கும் மரத்தின் அழகைக் காட்டுவது இன்னொன்று. அவ்வெட்டில் வேறு உலோகப் பட்டையைப் பதிப்பதும் உண்டு. சில கூடுகளுக்கு வண்ண மெழுகு பூசுவர்; சூரகர்த்தா அரண்மனை வழக்கில் அவ்வண்ணம் அணிபவரின் பதவியை உணர்த்திற்று. சித்திரமே இல்லாத வழவழப்பான கூடும் உண்டு. எளிதென்று தோன்றும் அதுவே கடினமான வேலை என்பது நம் கருத்து. சிறு நெளிவையும் அங்கே ஒரு பூவால் மறைக்க இயலாது.

இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு மானிட மரபின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. எம்புகள் தொகை குறைந்து வருவதையும், தொழிலைக் கற்பிக்க ஆள் கிடைப்பது அரிதாவதையும் அந்நிறுவனமே குறித்துள்ளது. அலகுக்குக் கிடைத்த இப்பெருமை கூட்டுக்கு அவ்வளவாகக் கிட்டவில்லை. யோக்யகர்த்தாவை அடுத்த கோத்தகெடே வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். 1997இல் அந்நாட்டு நாணயம் வீழ்ந்தபோது வெள்ளியின் விலை ஏறி, அவ்வூர்க் கைவினைஞர் பெரிதும் இடர்ப்பட்டனர்.

தகட்டின் விலை ஏறும்போது குறைக்கத் தோன்றுவது கூலியைத்தான். இங்கேதான் கேடு நுழைகிறது. ஒவ்வொரு மரத்தண்டும் தனித்தனி அளவுடையது. கூடு அதில் தடையின்றி ஏறவேண்டும், ஆடவும் கூடாது. மலிவென்று கருதி ஆயத்தக் கூட்டை வாங்குபவர், அது பொருந்தாவிடில் மரத்தையே இழைத்து இணக்க நேரும். பாட்டனார் காலத்து உறையாயின், இழைத்த மரம் மீண்டும் வாராது.

சூரகர்த்தாவிலுள்ள அரசுக் கலைக்கல்லூரியில் கெரிஸ் கலைக்கெனத் தனிப் பாடப்பிரிவு அமைத்துள்ளனர். அங்குப் பயின்று வெளிவரும் இளைஞர் உளி பிடித்துப் பல நாள் உட்கார்ந்தால்தான் ஒரு சாண் தகட்டில் சித்திரம் நிரம்பும். அந்நாட்களின் கூலியைக் கணக்கிட்டுக் கொடுப்போர் எத்தனை பேர் என்பதே இப்பொழுது அத்தொழிலாளர்முன் உள்ள கேள்வி.