வானவில்லுக்குப் பக்கத்தில் சூரியன் வேண்டாம்



குழந்தைகளுக்கான வானிலைப் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இடி, மின்னல், புயல், ஆலங்கட்டி என்று பட்டியல் பெரிது, கொடுத்திருக்கிற நேரமோ சின்னது. அதனால் நேரே வானவில்லுக்குப் போய்விடுகிறேன். மற்றவற்றுக்கு நேரம் மிஞ்சினால் பார்ப்போம்.

வீட்டில் சிறுவர் படப்புத்தகம் இருந்தால் வானவில் வரும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மலைமேல் ஒரு வானவில் இருக்கும். அதன் ஓரத்திலேயே கண்ணும் வாயும் வைத்த சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். இப்படியொரு காட்சியை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால்தான் வானவில் எதிரே தெரியும்.

சிறுவர் அறிவியல் நூல்களை எழுதுவதும் செப்பனிடுவதும் என் வேலை. அதனால் ஓவியர்களோடு இந்த வழக்கு அடிக்கடி வரும். ஒருவர் கேட்டேவிட்டார்: “சூரியனே வேண்டாம் என்றால் எப்படி? எங்கேதான் வைக்கச் சொல்கிறீர்கள்?”

“புத்தகத்துக்கு வெளியே வையுங்கள் சார். படிக்கிற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்” என்றேன்.

மறுபடி அனுப்பிய படத்தில் சூரியன் இல்லை. முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுமி இருந்தாள். அவள் நிழல் நீண்டு வானவில்லின் பக்கமாக விழுந்திருந்தது. நான் எழுதி வைத்திருந்த இரண்டு பத்திகளை அப்போதே வெட்டிவிட்டேன், படம் அவ்வளவையும் சொல்லிவிட்டது.

அந்த நிழலில்தான் விஷயம் இருக்கிறது. நம் தலையின் நிழல் எந்தத் திசையில் விழுகிறதோ, அந்தத் திசைதான் வானவில் வட்டத்தின் மையம். அங்கிருந்து சுமார் 42 பாகை தள்ளிச் சிவப்பு வளையம் தெரியும். வட்டத்தின் பெரும்பகுதி அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால் நமக்கு வில் மட்டும் மிஞ்சுகிறது. விமானத்திலிருந்து பார்ப்பவருக்குச் சில வேளை முழு வட்டமும் கிடைக்கும். பிள்ளைகளிடம் பாகைக் கணக்கெல்லாம் வேண்டாம். ‘உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் வானத்தில் வானவில்லைத் தேடாதே’ என்று ஒரு வரி எழுதினால் போதும். உச்சி வெயிலில் ஏன் வானவில் வருவதில்லை, காலையில் ஏன் மேற்கே, மாலையில் ஏன் கிழக்கே என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்தது. அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தாலும், அக்காவின் கண்ணுக்கு ஒளி அனுப்பும் துளிகள் வேறு, தம்பிக்கு அனுப்பும் துளிகள் வேறு. ஆகவே “இது என் வானவில்” என்று தம்பி அடம்பிடித்தால், பெரியவர்களே, தயவுசெய்து திருத்தாதீர்கள். அவன் சொல்வது சரி.

துளிக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது, பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. நிறத்துக்கு நிறம் இந்த வளைவு கொஞ்சம் மாறும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும், ஜெர்மனியில் தியோடோரிக் என்ற துறவியும் இதைக் கண்டு சொன்னார்கள். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. இருவருமே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, அதையே ஒரு ராட்சச மழைத்துளியாக வைத்துக்கொண்டு சோதித்தார்கள்! இப்படியொரு கதை கையில் இருக்கும்போது, ஒளிவிலகலுக்கு வரையறை எழுதிப் பக்கத்தை நிரப்புகிறவர்களை என்ன சொல்வது?

ஓவியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம். சில நாள் வானவில்லுக்கு வெளியே மங்கலாக இரண்டாவது வில் ஒன்று தெரியும். அதில் நிறங்கள் தலைகீழ், சிவப்பு உள்பக்கம் வரும். முதல் வில்லை அப்படியே நகலெடுத்து வைத்துவிடாதீர்கள்.

நிலாவைச் சுற்றி வட்டம் கட்டுவதைப் பற்றித் தனியாகவே பேசலாம். அது உயரத்து மேகங்களில் உள்ள பனிப்படிகங்களின் வேலை. கையை நீட்டி, நிலாவின் மேல் கட்டைவிரலை வைத்துச் சாண் விரித்தால், சுண்டுவிரல் ஏறக்குறைய அந்த வட்டத்தைத் தொடும். அதேபோல, மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தோராயமாகத் தெரியும். நல்ல சிறுவர் நூலில் ‘ஏன்’ வருவதற்கு முன்பே ‘எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்’ என்பது வந்துவிட வேண்டும். தமிழில் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமி போன்றவர்கள் உழுதுவைத்த நிலம் இருக்கிறது. அடுத்து எழுதுகிறவர்கள்தான் வர வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இந்த ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாலை வெயிலும் தூறலும் சேர்ந்து வந்தால், பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் வேடிக்கை வேண்டாம், மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம், உடனே வீட்டுக்குள் கூட்டிப் போய்விடுங்கள்.