மருத்துவச் சோதனைக்கு உடன்படலாமா?

(பெங்களூரு ஜீவனஹள்ளியில் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்பகுதியில் வசிக்கும் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். "ஐயா, இரண்டு இரவு தங்கி, ஒரு மாத்திரையை விழுங்கி, பல முறை இரத்தம் கொடுத்தால் பருவக் கட்டணத்தில் பாதி கிடைத்துவிடும். போகலாமா?" என்று கேட்டார். பொருளாதாரம் பயின்றவன் என்பதால் என்னிடம் கணக்குக் கேட்டார் போலும். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

பழைய மருந்தொன்றைப் புதிய நிறுவனம் தயாரிக்கும்போது, இரண்டு மாத்திரைகளும் இரத்தத்தில் ஒரே அளவில் கலக்கின்றனவா என்று ஆராய்வது அச்சோதனையின் நோக்கம். இதில் பங்கு கொள்பவர் நோயாளி அல்லர். நல்ல உடல்நலம் உடையவர். மருந்தினால் அவருக்கு விளையும் நன்மை ஏதுமில்லை. ஆபத்து சிறிதாயினும் முழுவதும் அவருடையதே. அபாயம் மிகுந்த வேலைக்குக் கூலி மிகுதி என்பது தொழிற்சந்தையின் நியதி. ஆராய்ச்சி நெறிமுறைகளோ, ஆசை காட்டும் அளவுக்குப் பணம் தரலாகாது என்கின்றன. நேரத்திற்கும் சிரமத்திற்கும் ஈடாகவே தொகை வழங்கப்படுகிறது. நல்ல நோக்கந்தான். ஆனால் அச்சிறு தொகைக்காக வருவோர் யாவர்? அது பெருந்தொகையாகத் தோன்றும் இல்லங்களைச் சேர்ந்தவர்களே. இம்முரண்பாட்டிற்கு என்னிடம் தீர்வு இல்லை.

நோயாளிகள் பங்கு கொள்ளும் சோதனை வேறு வகைப்பட்டது. அதற்குச் சிறந்த சான்று சென்னையிலேயே உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. காசநோய்க்குச் சானடோரியமே கதி என்று கருதப்பட்ட காலம் அது. நல்ல உணவு, ஓய்வு, தூய காற்று ஆகியன இன்றி மருந்து மட்டும் போதுமா? 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதைப் போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர்.

வீட்டிற்கு அனுப்பப்பட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வஞ்சிக்கப்பட்டோம் என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினரும், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர். வேறுபாடு சொற்பமே. வீட்டிலிருந்த உறவினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. படுக்கைகள் மிகக் குறைவாயிருந்த நாட்டில் இதன் பயன் அளவிடற்கரியது. 1959இல் நம் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையம் உருவாக்கிய தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

அச்சோதனை நியாயமானதற்குக் காரணம், எது சிறந்தது என்பது மருத்துவருக்கே அப்போது தெரியாது என்பதுதான். 'உங்களுக்குத் தெரியாதது எது?' என்று ஆராய்ச்சியாளரைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அவர் தெளிவாக விடையளிக்க வேண்டும்.

முடிவு எப்போதும் இனிப்பாக இராது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குப் பி.சி.ஜி. ஊசியோ, மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. தமக்குக் கிடைத்தது எது என்று எவருக்கும் தெரியாது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே விடை. அதுவும் அறிவுதான், ஆனால் ஊசிக்குக் கை நீட்டியவர் அதை எதிர்பார்த்து நீட்டியிருக்கமாட்டார்.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, விடுதியில் தங்கிய சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டனர். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. பின்னர் ஆராய்ந்த விசாரணைக் குழு, நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தோன்றவில்லை என்றது. ஆனால் ஒப்புதல் பெறாத குறை அதனால் நீங்கிவிடாது.

2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் இன்று நமக்குத் துணை நிற்கின்றன. பங்கு கொள்பவர் அறிந்த மொழியில் விளக்கம் தரவேண்டும். ஒப்பமிட்ட படிவத்தின் பிரதி அவரிடம் இருக்கவேண்டும். காரணம் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

அம்மாணவர் கொண்டுவந்த படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. அவர் இரண்டும் அறிந்தவர். அவருடைய அன்னையார் தமிழ் மட்டுமே படிப்பார். சட்டப்படி தாயின் ஒப்புதல் தேவையில்லை. மகனுக்கு வயது வந்துவிட்டது. எனினும் வீடு திரும்பிய பின் நள்ளிரவில் மயக்கம் வந்தால் முதலில் பதறி எழுபவர் அவர்தாமே! இருவருமாக அமர்ந்து அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினோம். தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இடையில் வந்துவிட்டால் அதுவரைக்கும் உள்ள பணத்தைத் தருவார்களா? இராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?" என்றார். முதற் கேள்விக்கான விடை படிவத்தில் இல்லை. இரண்டாவதற்கு அலுவலக நேரத் தொலைபேசி எண் மட்டுமே இருந்தது.

மாணவர் அவ்விரு கேள்விகளையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விடை வரும்வரை கையொப்பமிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.