இரண்டாம் மடல்

பள்ளிகளுக்குப் பெஞ்சு செய்து தரும் என் பழைய மாணவர், விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிப் பத்து நாள் காத்திருந்தார், விடை இல்லை. "ஏன் பதில் இல்லை?" என்று அடுத்த மடலை எழுதி என்னிடம் காட்டினார். தடுத்தேன். தலைமையாசிரியனாக இருந்தபோது அத்தகைய கடிதங்களை நானே ஒதுக்கியதுண்டு.

மௌனம் மறுப்பன்று, பெரும்பாலும் வேலை மிகுதியே. ஆதலின், முன்மடலை ஒரு வரியில் நினைவூட்டுக. புதுச் செய்தி ஒன்று சேர்க்க. விடையிறுக்க எளிதான ஒரே வினாவுடன் முடிக்க.

"ஆறாம் வகுப்புக் குழந்தைகளின் உயரத்திற்கேற்பப் பெஞ்சு ஒன்று செய்துள்ளேன், புதன்கிழமை கொண்டுவந்து காட்டலாமா?" என்று மாற்றி எழுதினார். இரு நாளில் அழைப்பு வந்தது.

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். 'வேண்டா' என்றவரை மீண்டும் நெருக்காமையும் அவ்வறிவின்பாற்பட்டதே.