துக்கத்துக்கு வேண்டியது துணை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தற்கொலையால் மாண்டவர்களைப் பற்றியதல்ல. அவர்கள் வீட்டில் உயிரோடு மிஞ்சியிருக்கிறவர்களைப் பற்றியதாகும்.

காய்ச்சலில் ஒருவன் செத்தால் ஊரே வந்து அழுகிறது. தற்கொலை என்றாலோ, வந்தவர்கள் வாசலிலேயே நின்று குசுகுசுவென்று பேசிவிட்டுப் போகிறார்கள். "பெற்றவள் என்ன சொன்னாளோ, கட்டினவள் என்ன செய்தாளோ" என்கிறார்கள். செத்தவன் ஆவியாய் அலைவான் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் துக்கத்தோடு குற்றவாளி என்ற பட்டத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமென்றால், இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

இந்தக் கொடுமை நம் நாட்டில் மாத்திரம் உள்ளதல்ல. அயர்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தற்கொலை செய்துகொண்டவர்களை, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளோடு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் புதைத்த காலம் உண்டு. 1917-ல் வகுக்கப்பட்ட கத்தோலிக்க மதச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு மதச் சடங்குடன் அடக்கம் கூடாது என்றது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில்தான் அந்தத் தடை நீங்கிற்று. சர்க்கார் சட்டமும் 1993 வரையில் தற்கொலையைக் குற்றமாகவே வைத்திருந்தது. நம் தேசத்திலும் 1860-ம் வருஷத்துப் பீனல் கோடு, முயன்று பிழைத்தவனை ஜெயிலுக்கு அனுப்ப இடங்கொடுத்தது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் வந்துதான், அவனைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவனாகக் கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று பொதுவிதி செய்தது.

அப்படிப்பட்ட அயர்லாந்தில் 2009-ல் ஒரு காரியம் நடந்தது. டப்ளின் நகரத்தில், மான்கள் மேயும் பீனிக்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவில், சுமார் 400 பேர் விடியுமுன் இருட்டில் கூடி, பொழுது புலரப் புலர 5 கிலோமீட்டர் தூரம் சேர்ந்து நடந்தார்கள். தற்கொலையால் உற்றாரை இழந்தவர்கள் அதில் இருந்தார்கள். இது பாவந்தொலைக்கும் யாத்திரையல்ல. ஒளிந்து அழுதவர்கள் ஊரறிய ஒன்றுகூடினார்கள் என்பதே இதில் விசேஷம். பிறகு அது பல ஊர்களுக்கும் பல தேசங்களுக்கும் பரவிற்று.

நடப்பதால் துக்கம் தீருமா என்று கேட்பீர்கள். தீராது. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் வராத பேச்சு, பக்கத்தில் நடந்து மரத்தையும் வரப்பையும் பார்க்கும்போது தானாக வரும். பேசாவிட்டாலும் குறையில்லை. வீட்டுக்குள் முடங்கின உடம்புக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. "நான் முன்பே கவனித்திருக்க வேண்டும், என்னால்தான் போனான்" என்று ஒவ்வொருவரும் தனியே நினைத்து வேகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால், பத்துப் பேரும் அதையே சொல்லக் கேட்பார்கள். பத்துப் பேருமா கொலைகாரர்கள் என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். தற்கொலைக்குக் காரணம் ஒன்றல்ல, பல என்ற உண்மையும் விளங்கும்.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். கூட்டம் சிறிதாக இருக்கட்டும். நடக்கமாட்டாதவரின் வேகமே எல்லோருடைய வேகமுமாக இருக்கட்டும். எப்படிச் செத்தான் என்று யாரும் கேட்கவேண்டாம். விதி, கர்மம் என்று யாரும் உபதேசம் செய்யவேண்டாம். பழக்கமுள்ள ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வரட்டும். "நானும் போய்விடலாம் போலிருக்கிறது" என்று எவரேனும் சொன்னால், அதட்டாமல், தனியே விடாமல், மனநல வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும். 14416 என்ற சர்க்கார் டெலிபோன் எண்ணிலும் இரவு பகல் பேசலாம்.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடு இருந்தால் இனி அதை ஒதுக்கிப் போகாதீர்கள். உள்ளே போய், காரணம் கேளாமல், "நாளைக் காலையில் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம், வாருங்கள் அம்மா" என்று கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் மறுவாரமும் போய்க் கூப்பிடுங்கள். இவ்வளவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது.