பிஞ்சுக் கையில் ஒரு துண்டு இட்லி

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு திட உணவும் வேண்டும் என்பது இன்று நம் தாய்மார்களுக்கு அநேகமாகத் தெரிந்ததுதான். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும்போதே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த படியில்தான் தயங்கி நிற்கிறோம். கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், ஆப்பிள் மசியல் என்று தொடங்குகிறோம். எல்லாவற்றையும் மிக்சியில் ஓட்டி, போதாததற்கு வடிகட்டியிலும் வடித்து, ஒரு கட்டி இல்லாமல் ஊட்டுகிறோம். ஏழாம் மாதம் அதே கூழ், பத்தாம் மாதம் அதே கூழ், முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற அன்றைக்கும் அதே கூழ். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலோ, எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் தாமே கையில் எடுத்துத் தின்னக்கூடிய உணவைச் சாப்பிடும், ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுவதையே சாப்பிடும் என்கிறது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் அரைத்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து மிக்சியில் இல்லை, குழந்தையின் கையில் இருக்கிறது என்பதே இன்றைய என் வாதம்.

கையிலிருந்தே தொடங்குவோம். ஆறு மாதக் குழந்தைக்கு விரல்கள் தனித்தனியாக வேலை செய்யாது. உள்ளங்கை முழுவதையும் வைத்துத்தான் ஒன்றைப் பிடிக்கும். சுமார் ஒன்பது மாதத்தில்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சோற்றுப் பருக்கையைப் பொறுக்கும். இதனால்தான் முதலில் தருகிற துண்டு பெரிதாக இருக்கவேண்டும், பின்னால் தருவது சிறிதாக இருக்கலாம். கேட்க நேர்மாறாகத் தோன்றும். ஆனால் ஆறு மாதக் குழந்தையிடம் சுண்டைக்காய் அளவுத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள், முஷ்டிக்குள் போய்விடும். முஷ்டியைத் திறந்து வாயில் போடத் தெரியாது, அழுகைதான் மிச்சம். அதையே பெரியவர் விரல் நீளத்துக்கும் பருமனுக்கும் வெட்டிக் கொடுத்தால், பாதி கைக்குள் இருக்கும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வெளிப்பாதியை ஈறால் கடித்து, நாக்கால் புரட்டி, பாதியைத் துப்பி, மீதியை விழுங்கும். இட்லியை இப்படி நீளவாக்கில் வெட்டி, உலர்ந்தபடி கொடுக்காமல் பருப்புத் தண்ணீரில் கொஞ்சம் நனைத்துக் கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டாது. அவித்த நேந்திரம்பழம், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குழைய வேகவைத்த கேரட், பழுத்த பப்பாளி எல்லாம் இதற்கு ஏற்றவை. சோதனை எளிது: உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்கவேண்டும். நசுங்காவிட்டால் இன்னும் வேகட்டும். இன்னொன்று: இடக்கையில் எடுத்தால் தட்டிவிட்டு, சோத்தாங்கைக்கு மாற்ற வேண்டாம். எந்தக் கைப்பழக்கம் என்பது இந்த வயதில் நிலைப்படுவதே இல்லை.

சரி, சிக்கிக்கொண்டால்? பாட்டிமார்கள் கேட்கும் முதல் கேள்வி இது, கேட்கவேண்டிய கேள்வியும்தான். நியூசிலாந்தின் டியூனிடின் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 206 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் உணவூட்டல். இன்னொன்றில் பெற்றோருக்குப் பயிற்சி தந்து, குழந்தை தானே எடுத்துத் தின்ன விட்டார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒருமுறையாவது மூச்சடைப்புக்கு ஆளானவை நூற்றுக்கு 35, இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கையால் தின்ற குழந்தைகள் ஆறாம் மாதத்தில் அதிகம் குமட்டின, எட்டாம் மாதத்தில் மற்றவற்றைவிடக் குறைவாகக் குமட்டின. அந்தப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஏழாம் மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், ஒரு வயதில் நூற்றுக்கு 94 குழந்தைகளுக்கும், இரு பிரிவு வீடுகளிலுமே, சிக்கக்கூடிய உணவு ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே யார் ஊட்டுகிறார்கள் என்பதைவிட எதைக் கொடுக்கிறோம் என்பதே பெரிது. கூழ் ஊட்டுகிற வீட்டிலேயே, விருந்தாளி ஒருவர் கொஞ்சலாக ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டுவிடுகிறாரே, ஆபத்து அங்கே இருக்கிறது. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட், கல்கண்டு, மிட்டாய், முறுக்கு, கொட்டை எடுக்காத பழம் எதுவும் ஆகாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டாமல் கொடுக்கவே கூடாது.

குமட்டலையும் மூச்சடைப்பையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பயம். ஆறு மாதக் குழந்தைக்குக் குமட்டலைத் தூண்டும் இடம் நாக்கின் முன்புறத்துக்குச் சற்று அருகில் இருக்கிறது. வளர வளரப் பின்னால் போகிறது. கொஞ்சம் பெரிய துண்டு உள்ளே போனவுடன் முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், ஓக்கரிக்கும், இருமும், துண்டு வெளியே வந்து விழும். அடுத்த நொடி அதே துண்டை எடுத்து மறுபடி வாயில் வைக்கும். இது காவல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். விரலை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள். துழாவினால் துண்டு ஆழத்துக்குப் போகலாம். மூச்சடைப்பில் சத்தம் இராது. இருமவும் முடியாது, அழவும் முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நடுநெஞ்சில் ஐந்து அழுத்தல். மறுபடி தட்டு, மறுபடி அழுத்தல். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தக் கூடாது. கூழ் குடிக்கிற குழந்தை வீட்டிலும் இது தெரிந்திருக்கவேண்டும்; அது தரையில் கிடக்கும் பொத்தானையும் விழுங்கும் வயது.

‘பல்லே முளைக்கவில்லையே’ என்பார்கள். முதலில் முளைப்பவை கடிக்கிற முன்பற்கள். அரைக்கிற கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் முதல் பிறந்தநாள் தாண்டித்தான் வரும். பல்லுக்குக் காத்திருந்தால் ஒன்றரை வயது வரை கூழ்தான். ஈறு எவ்வளவு கெட்டி என்று பால் கொடுக்கிற தாய்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காத்திருந்தால் என்ன நஷ்டம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றி 1991, 92-இல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்துக்கு மேல்தான் முதலில் பார்த்த குழந்தைகள், ஒன்றேகால் வயதில் சாப்பிட அதிகம் படுத்தின. ஒன்பது மாதம் தாண்டித் தொடங்கியவை, ஏழு வயதிலும் காய்கறி, பழ வகைகளில் குறைவானவற்றையே தின்றன. ‘படுத்துகிற குழந்தை என்பதால்தானே அம்மா தாமதித்திருப்பாள்’ என்று மறுக்க இடமுண்டு. இது கவனிப்பு ஆய்வுதான், சோதனை அல்ல. அந்த மறுப்பை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மெல்லுவது பழகி வருகிற வித்தை என்பதில் ஐயமில்லை. விழுந்துவிடும் என்று நடக்க விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தால் நடை எப்போது வரும்?

அடுத்தது வயிறு. ‘தானே தின்றால் எவ்வளவு தின்னும், பாதி தரையில்’ என்பது பெரிய கவலை. இதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நேரம் இடங்கொடுக்கும்வரை. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அப்போதுதான் பால் மறந்த 15 குழந்தைகளின் முன்னே தட்டுகளை வைத்தார். மொத்தம் 34 உணவுகள்; ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, முட்டை, பால், பழம், தானியம், காய். சர்க்கரை சேர்த்த பண்டம் ஒன்றும் கிடையாது. செவிலியர் பேசாமல் உட்காரவேண்டும். குழந்தை கை நீட்டினால்தான் ஒரு கரண்டி. ‘இதைத் தின்னு’ என்று சொல்லக்கூடாது, முகத்தால்கூடக் காட்டக்கூடாது. முதல் நாட்களில் குழந்தைகள் தட்டையும் காகிதத்தையும்கூடக் கடித்துப் பார்த்தன. பிறகு தெரிந்துகொண்டன. ஒரு குழந்தையின் காலை உணவு ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இராவுக்கு முட்டை, வாழைப்பழம், பால். எந்த இரண்டு குழந்தைகளும் ஒரேமாதிரி தின்னவில்லை, எல்லாம் நன்றாக வளர்ந்தன. இதை 1939-இல் அறிவித்தபோது டேவிஸ் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு, எது என்பது நம் பொறுப்பு. பிஸ்கட்டும் சர்க்கரைத் தண்ணீரும் தட்டில் இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

அதற்காகக் கரண்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மேல்நாடுகளில் சிலர் கையுணவு மட்டுமே போதும் என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் இருக்கிற இரும்புச்சத்து போதாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பரங்கிக்காயை மட்டும் சப்பிக்கொண்டிருந்தால் இது தீராது. குழைந்த பருப்புச் சாதத்தைக் கையாலோ கரண்டியாலோ ஊட்டுங்கள்; அது வாயில் இருக்கும்போதே கையில் ஒரு துண்டு இருக்கட்டும். முட்டையை ஆம்லெட்டாகப் போட்டுப் பட்டையாக வெட்டலாம். அசைவம் சாப்பிடுகிற வீட்டில் வாரம் ஒருநாள் நன்றாக வெந்த ஈரல் துளி, முள் தடவிப் பார்த்து எடுத்த மீன். உப்புப் போடுவதற்கு முன்னால் குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டால் தனிச்சமையல் வேண்டாம்.

வீடு அசிங்கமாகும் என்பதை மறுக்கமாட்டேன். தரையில் ஒரு பழைய துண்டை விரியுங்கள், மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற குழந்தை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறான். அரண்மனையில் துடைக்க ஆள் இருந்திருக்கும், அது வேறு விஷயம். செல்போனில் படம் காட்டி ஊட்டினால் சிந்தாதுதான். ஆனால் தான் என்ன தின்கிறோம், போதுமா போதாதா என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரிவதில்லை.

நேரம் நெருங்குகிறது. மிச்சத்தை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தாங்கலோடு நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைத் தானே நிறுத்தத் தெரிந்த பிறகே கையுணவு. படுத்தபடி, காரில், தவழும்போது வேண்டாம். தின்னும் நேரம் முழுக்க ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பது போதாது. ஒரு வயதுவரை தேன் ஒரு சொட்டும் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தை என்றால் முதலில் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள் எட்டாம் மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். நாளைக் காலை உங்கள் வீட்டில் இட்லி என்றால், விரல் நீளத்தில் ஒரு துண்டை வெட்டி நனைத்துக் குழந்தை முன்னே வையுங்கள். வாயில் வைப்பதை அதனிடமே விட்டுவிடுங்கள்.