நாய்க்கும் சர்க்கரை வரும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே பி.யு.சி. முடித்துவிட்டு வேப்பேரிக்குப் போய் 'மாட்டு டாக்டர்' ஆனவன் நான். இன்று பேசப்போவது மாட்டைப் பற்றியல்ல, நாயின் சர்க்கரை வியாதியைப் பற்றி.

சிரிக்காதீர்கள். இந்த வியாதிக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு 1889-ல் தெரிந்ததே நாயை வைத்துத்தான். 1921-ல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்ததும் நாய்களுக்குத்தான். இந்த அரங்கில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நண்பர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும். நன்றாகத் தின்னும், ஆனால் இளைக்கும். மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும். கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய்களிடம் இது அதிகம். சில மாதங்களிலேயே கண் வெளுத்துவிடும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் நம்முடையது. கண்புரை தெரியாத ஆள் இங்கே கிடையாது. ஆனாலும் நாய்க்கு வந்தால் "வயசாயிடுச்சு, ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்" என்கிறார்கள். முடிக்க வேண்டியதே இல்லை. வேறு ஊசி இருக்கிறது.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அச்சு அசல் ஒன்றே, ஓர் எழுத்துகூட மாறாது. மனிதருக்கு ஒன்று மாறும். (பூனை, மாட்டுக்கு நெருக்கம்.) பன்றி என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், நாய் சுளிப்பதில்லை! 1982-க்குப் பின் மனித இன்சுலின் வந்து நம் மருந்துக்கடைகளிலிருந்து பன்றி மெல்ல மறைந்தது. நாய்க்கோ 'கேனின்சுலின்' என்ற பெயரில் அது நிலைத்துவிட்டது. துத்தநாகம் சேர்த்த கலங்கல் மருந்து அது. 30 பங்கு சீக்கிரம் கரையும். 70 பங்கு படிகம், நிதானமாகக் கரையும். அதனால்தான் நடுத்தர வேகம். பெரும்பாலான நாய்களுக்குக் காலையும் மாலையும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவைப் போடாதீர்கள்; டாக்டரைக் கேளுங்கள். தள்ளாடினால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே ஓடி வாருங்கள்.

அது கிடைக்காத இடத்தில் மனிதருக்கான என்.பி.எச். எழுதிக் கொடுப்போம். இங்கேதான் ஆபத்து. கேனின்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். நம் கடைப் புட்டிகளும் பெரும்பாலும் 40. பேனாவில் போடும் மருந்து 100. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். அப்பாவின் சிரிஞ்சை எடுத்து நாய்க்குப் போடும் வீடுகள் உண்டு; போடுவதற்கு முன் புட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

மருந்துக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. மதுரை சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனால் அவ்வளவுதான். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்த மருந்து வீண்.

இரண்டு சிரிஞ்சும் பையில் கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் வந்து பாருங்கள்.