தலமரமும் பயிற்சி ஆசிரியரும்



தில்லை என்னும் பெயரைச் சொல்லாத சைவர் இலர். ஆயின், தில்லை மரத்தைக் கண்டவர் எத்துணையர்? அம்மரம் செறிந்த வனமாதலின் அத்தலம் அப்பெயர் பெற்றது. இன்று சிதம்பர நகருள் அவ்வனம் இல்லை. காண விழைவோர் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்று, பிச்சாவரத்து உப்பங்கழிகளிடையே காணல் வேண்டும். பெயர் போற்றப்பட்டது, மரம் போற்றப்படவில்லை.

சுற்றுச்சூழற் கல்வி பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாதல் வேண்டுமென உச்சநீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் பணித்தது. பாடநூலும் வந்தது. ஆயினும், நாளை பிள்ளைகள் முன் நிற்கப்போகும் பயிற்சி ஆசிரியர்க்கு அப்பாடம் தேர்வுக்குரிய வினாவிடையாகவே முடியுமாயின் பயன் யாது? பயிற்சிக் காலத்திலேயே அவர் தலமரத்தின் நிழலில் நின்று பாடம் நடத்திப் பழகுதல் நன்று.

அங்கே ஓர் இடர் உண்டு. 'மரத்தைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்தும்' என்று அச்சுறுத்துதல் எளிது. தில்லையின் பால் கண்ணிற் பட்டால் ஊறு செய்யும் என்பது மெய்யே. அதனை உள்ளவாறே சொல்லி, அத்தகைய மரம் நிறைந்த வனத்தையே இறைவன் தன் ஆடலரங்காகக் கொண்டான் என்று கூறுபவரே, சமயத்தையும் இயற்கையையும் ஒருங்கே கற்பித்தவராவார். அச்சத்தால் மட்டும் வணங்கிய பிள்ளை, அச்சம் நீங்கியபின் கோடரி எடுக்கத் தயங்கான்.

தில்லையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மதிலுக்குள் ஒன்றை நட்டு, வேலியிட்டு, மஞ்சட்கயிறு கட்டுவதோடு நின்றால் அது வித்து ஈனாது. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழி ஈண்டுத் தாவரநூற் செய்தியாகவே நிற்கின்றது! காடு காடாகவே இருத்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரக் காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்களில் அழிவு குறைவாயிருந்தது என ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

மரத்துக்குச் சொன்னது திருக்குளத்துக்கும் பொருந்தும். திருவாரூர்த் தண்டியடிகள் புறக்கண் இல்லாதவர். தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று குளத்து மண்ணைச் சுமந்தார் எனப் பெரியபுராணம் கூறும். இவ்வரலாற்றைச் சொன்ன ஆசிரியர், அதனோடு அமையாது, பிள்ளைகளைத் தம் ஊர்த் திருக்குளத்துக்கு அழைத்துச் சென்று, மழைநீர் வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டது எனத் தேடச் செய்தல் வேண்டும். அது ஓர் அன்பரது கடைக்கட்டடத்தின் அடியிற் கிடத்தலும் கூடும். அவ்வன்பரே திருப்பணிக்குப் பொருள் வழங்கியவராக இருத்தலும் கூடும். பிள்ளைகள் அதுபற்றி வினவுவர். ஆசிரியர் பேச்சை மாற்றாது விடை கூறல் வேண்டும்.